கிரகணத்தால் வந்த விரல் அல்ல

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பிறந்ததிலிருந்தே இடது சுண்டுவிரல் குட்டையாக, மடங்காமல் இருக்கிறது. வயதுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது, ஆனால் மார்பு வளரவே இல்லை. உடற்கல்வி நாளன்று வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறாள். கர்ப்பமாக இருந்தபோது கிரகண நேரத்தில் நான் காய் நறுக்கியதுதான் காரணம் என்று மாமியார் இன்றும் சொல்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் என் கணவருக்கும் சுண்டுவிரல் மடங்காது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா டாக்டர்? கைகளின் படம் அனுப்பியிருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத தாய், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, முதலில் அந்தக் கிரகணத்தை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். நானும் லயத்து வீட்டில் வளர்ந்தவள்தான். அக்கா மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று அம்மா அவளை வாசல் பக்கமே விடவில்லை. அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் கத்திக்கும் மகளின் விரலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மகளின் சுண்டுவிரல் உட்பக்கத்தில் கணுவுக்குக் கணு இருக்க வேண்டிய மடிப்புக் கோடுகளே இல்லை. பக்கத்தில் மேசை விளிம்பைப் பிடித்திருக்கும் பெரிய கையிலும் அதே விரல், அதே விறைப்பு. அது கணவர் கைதானே?

சுண்டுவிரலும் மார்பும் சேர்ந்து பாதிக்கப்படும் அபூர்வமான பிறவிக் கோளாறு ஒன்று உண்டு. அல்னார் மேமரி சிண்ட்ரோம் என்பார்கள். டிபிஎக்ஸ்3 என்ற மரபணுவில் ஏற்படும் பிழைதான் காரணம் என்று 1997ல் கண்டுபிடித்தார்கள். கரு வளரும்போது கையின் சுண்டுவிரல் பக்கம், மார்பு, அக்குள் சுரப்பிகள் எல்லாம் உருவாக அந்த மரபணு வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. ஒரே வீட்டில் ஒருவருக்கு விரல் மட்டும், இன்னொருவருக்கு முன்கை எலும்பு வரைக்கும் என்று மாறும். அதனால்தான் அப்பாவையும் மகளையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அதற்காகப் பழியைக் கணவர் தலையில் போட்டுவிடாதீர்கள். அவரும் பிறக்கும்போதே கொண்டு வந்ததுதான்.

அவரிடம் சிலவற்றைக் கேளுங்கள். பால் வெட்டி வந்தாலும் சட்டையின் அக்குள் நனையாதா? அங்கே முடி குறைவா? கோரைப்பல் முளைக்காமல் போனதா? அவர் வழியில் பிள்ளைக்குப் பால் சுரக்காத அத்தைமார் உண்டா? பையன்கள் வயதுக்கு வரத் தாமதமானார்களா? ஒவ்வொன்றும் அடையாளம்.

போலந்து சிண்ட்ரோம் என்று வேறொன்றும் உண்டு. அதில் பெரும்பாலும் ஒரு பக்க நெஞ்சுத் தசையும் அதே பக்கக் கையும்தான் பாதிக்கப்படும், பரம்பரையாக வருவதும் அபூர்வம். உங்கள் வீட்டுக் கதை அப்படித் தெரியவில்லை. ஆனால் கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லக் கூடாது.

13 வயது தாண்டியும் மார்பு வளரத் தொடங்காவிட்டால் எப்படியும் பரிசோதிக்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு கோலாலம்பூர் மருத்துவமனையின் மரபணுப் பிரிவுக்குப் போங்கள். இரத்தப் பரிசோதனையோடு கை எக்ஸ்ரே, சிறுநீரகம், இதயம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு அங்கேயும் குறை இருக்கும்.

மகளிடம் இதை நேராகச் சொல்லுங்கள்: மாதவிலக்கு ஒழுங்காக வருவது நல்ல அறிகுறி. இந்தக் கோளாறு உள்ள பெண்கள் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். வளர்ச்சி முடிந்த பிறகு மார்பைச் சீரமைக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. செய்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு.

அப்புறம், போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள், டாக்டர் இரண்டு பேர் கையையும் பார்க்க வேண்டும். மகளைத் தனி அறையில் பெண் டாக்டர் பார்க்கும்படி கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்.