“அந்தப் பிசாசு இன்னும் இருக்கிறதா?”

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 51 வயது. சுங்கை சிப்புட்டில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது பக்கத்து ரப்பர் தோட்டத்தில். 1980களில் வந்த மலிவான ஆங்கிலப் பிசாசுப் படங்கள் எனக்கு உயிர். ரப்பரிலும் பஞ்சிலும் செய்த பிராணிகள் ஊரையே கடித்துக் குதறும். பயமும் வரும், சிரிப்பும் வரும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வீட்டுக்கு வீடு காசு பிரித்து வீடியோ பெட்டியை வாடகைக்கு எடுத்துப் பார்ப்போம். இரவு பத்து மணிக்குத் தோட்டத்து மின்சாரம் நின்றுவிடும், அதற்குள் படம் முடிய வேண்டும். அம்மா வாசலோரம் நின்று பார்ப்பார்; ஒன்பதரை ஆனதும் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றப் போய்விடுவார். அந்த லயத்தை 1998இல் இடித்துவிட்டுச் செம்பனை நட்டுவிட்டார்கள்.

இப்போது என்னிடம் 63 வீடியோ கேசட்டுகள் இருக்கின்றன. தீபாவளிக்கு முன் அத்தனையையும் பழைய சாமான்காரரிடம் போட வேண்டும் என்கிறார் மனைவி. பிள்ளைகள் இருவரும் “கயிறு தெரிகிறது” என்று சிரிக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. அதனால் எல்லோரும் படுத்த பிறகு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகப் பார்க்கிறேன். அம்மா எங்களோடுதான் இருக்கிறார், 79 வயது. பாவம், பழையதையே பேசிக்கொண்டிருக்கிறார். போன வாரம்கூடச் சாப்பிடும்போது, “உருண்டு உருண்டு வருமே, அந்தப் பிசாசு இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டார். அது கிடக்கட்டும். இந்தப் படங்களின் அருமையை என் வீட்டாருக்கு எப்படிப் புரியவைப்பது?

— ஒரு தகப்பன், சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

பதில்: அது கிடக்கட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், தம்பி. அது கிடக்காது. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஒரு வரிதான்.

ஒரு பக்கம் முழுக்க, உங்கள் ரசனை வீட்டில் யாருக்கும் புரியவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். அதே வீட்டில், அதே சாப்பாட்டு மேசையில், ஒருவர் வாயைத் திறந்து உங்கள் படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அதை வயதான பேச்சு என்று ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளுக்குப் புரியவைக்க வழி கேட்டு எனக்குத் தபால் போட்டிருக்கிறீர்கள். மனைவியோடு பேசும் முறை, பிள்ளைகளோடு பேசும் முறை என்று இங்கே நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் உங்களைத்தான் கேட்கப்போகிறேன். அம்மா கேட்டாரே, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? கடிதத்தில் அது இல்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். “சாப்பிடுங்கள் அம்மா” என்று சொல்லியிருப்பீர்கள்.

தோட்டத்தில் வாழ்ந்த பெண்கள் எதையும் ‘வேண்டும்’ என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ‘இருக்கிறதா’ என்றுதான் கேட்பார்கள். சீனி இருக்கிறதா, தலைவலித் தைலம் இருக்கிறதா, தம்பி வருகிற வாரம் லீவு இருக்கிறதா. இருக்கிறது என்றால் கொடு, இல்லையென்றால் நான் கேட்டதாகவே நினைக்காதே என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள். தோட்டத்தில் பிறந்த உங்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. கூட்டுக்கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கிய காலத்திலிருந்து காதில் விழுந்த பேச்சு இது. இன்று அம்மா அதே மொழியில் ஒரு படத்தைக் கேட்கிறார், உங்கள் காதில் ஹெட்போன்.

அவர் கேட்டது எந்தப் படம் என்று எனக்குத் தெரிகிறது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். பந்துபோல் உருண்டு வரும் பிராணிகள் என்றால் அது 1986இல் வந்த ‘கிரிட்டர்ஸ்’. ஸ்டீவன் ஹெரெக் இயக்கியது. சியோடோ சகோதரர்கள் கையால் செய்த பொம்மைகள், வாய் நிறையப் பல், உடம்பு நிறைய முடி. விண்வெளிச் சிறையிலிருந்து தப்பி வந்து, ஊருக்கு வெளியே தனியாக இருக்கும் ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டை இரவில் சுற்றி வளைத்துக்கொள்ளும்.

உங்கள் அம்மா பார்த்த இடத்தில் நின்று அந்தப் படத்தைப் பாருங்கள். ஊர் தள்ளி ஒரு வீடு. வெளியே கும்மிருட்டு. மின்சாரம் போய்விடுகிறது. உள்ளே பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு தாய். வெளிக்காட்டில் இருட்டோடு பால்மரம் வெட்டியவர், பாம்பும் பன்றியும் கண்டு பழகியவர் உங்கள் அம்மா. அந்தக் கதையைப் புரிந்துகொள்ள அவருக்கு ஆங்கிலம் எதற்கு? அந்தப் பிராணிகளும் ஆங்கிலம் பேசுவதில்லை. அவற்றின் பேச்சுக்குத் திரையின் அடியில் எழுத்துப் போட்டுத்தான் எல்லோருக்கும் காட்டினார்கள். லயத்துத் திண்ணையில் நின்றவரும் அமெரிக்காவில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவரும் அந்த இடத்தில் ஒன்றுதான்.

இன்னொன்றையும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அம்மா வாசலோரம் நின்றுதான் பார்ப்பார், ஒன்பதரைக்கு விளக்கு ஏற்றப் போய்விடுவார். ஏன் நின்றார் என்று என்றைக்காவது யோசித்தீர்களா? உள்ளே ஆண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் ஏதாவது இருந்திருக்கும். விடியுமுன் எழுந்து, சோறு கட்டி, ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். நாள் முழுக்க மரத்துக்கு மரம் நடந்த கால்களோடு அங்கே நின்றார். பத்து மணிக்கு மின்சாரம் போகும்போது நீங்கள் இருட்டில் தடுமாறக் கூடாது என்று படத்தின் கடைசி அரைமணி நேரத்தை விட்டுவிட்டுப் போய் விளக்கு ஏற்றினார். இந்தப் படத்தின் முடிவை உங்கள் அம்மா பார்த்திருக்கிறாரா, தம்பி? 63 கேசட்டுகளில் எதன் முடிவையாவது பார்த்திருக்கிறாரா?

என் அம்மா கதையைச் சொல்கிறேன். 1957இல் சிங்கப்பூர் கேத்தே-கெரிஸ் நிறுவனம் ‘பொந்தியானாக்’ என்ற மலாய்ப் படத்தை வெளியிட்டது. இயக்கியவர் கேரளத்தில் பிறந்த பி. என். ராவ், பேயாக நடித்தவர் மரியா மெனாடோ. நான் பிறப்பதற்கு முன், என் அம்மா பட்டணத்துக்கு நடந்துபோய் அதைப் பார்த்திருக்கிறார். அழகி கிழவியாகும் இடத்தை அம்மா சொல்லும்போது தன் கன்னத்தை இரண்டு விரலால் கீழே இழுத்துக் காட்டுவார். சின்ன வயதில் பயந்து அலறுவேன். நான் வேலைக்குப் போன பிறகும் அதே கதையைச் சொல்வார். “இதைத்தான் நூறு தடவை சொல்லிவிட்டீர்களே அம்மா” என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் சொல்லவேயில்லை. இன்று அந்தப் படத்தின் பிரதி எங்கும் கிடைப்பதில்லை. அம்மாவும் இல்லை. அந்தக் கன்னமும் அந்த இரண்டு விரலும்தான் நான் பார்த்த ‘பொந்தியானாக்’. என் வாயால் நானே அதை நிறுத்திக்கொண்டேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இதுதான்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். கயிறு தெரிகிறது என்று அவர்கள் சிரித்தால் உங்களுக்கு ஏன் வலிக்கிறது? அவை பாதி சிரிக்கத்தான் எடுத்த படங்கள். லயத்தில் நீங்கள் எல்லோரும் மௌனமாகவா பார்த்தீர்கள்? ஒருவன் கத்துவான், ஒருவன் கேலி செய்வான், ஒரு குழந்தை அழும், கிழவர் ஒருவர் “இதென்னடா பூனைக்குட்டி” என்பார். அந்தச் சத்தத்தோடு சேர்ந்ததுதான் படம். சத்தத்தை எடுத்துவிட்டு, நடு இரவில் தனியாக உட்கார்ந்து பார்க்கும் உங்களுக்கே அந்தப் பழைய சந்தோஷம் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சிரிக்கட்டும். உங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், அப்புறம் அவர்கள் அந்த அறைப்பக்கமே வரமாட்டார்கள்.

இந்த ரசனை பழங்காலத்துச் சங்கதி என்று அவர்கள் எண்ணினால் நம் பேராக் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. ஈப்போவில் பிறந்த மமாட் காலிட், கேலிச்சித்திரக்காரர் லாட்டின் தம்பி, 2007இல் ‘ஸோம்பி கம்போங் பீசாங்’ எடுத்தார். 2010இல் ‘ஹந்து காக் லிமா பாலெக் ரூமா’. கிராமத்துக் கடையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசும் மனிதர்களை வைத்தே பேயையும் சிரிப்பையும் ஒன்றாகக் கொண்டுவந்தவர். 2021இல் காலமானார். காக் லிமாவை உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதை ரசித்தவர்களுக்கு உங்கள் படங்கள் எட்டாதவை அல்ல.

அவர்களிடம் இதையும் சொல்லுங்கள். அந்தக் காலத்துப் படப் பிராணிகளின் தோல் பெரும்பாலும் ரப்பர் பாலில் செய்தது. பாலை முட்டை அடிப்பதுபோல் நுரைக்க அடித்து, அது உறைவதற்கான மருந்தைக் கலந்து, அச்சில் ஊற்றி, அடுப்பில் இளஞ்சூட்டில் பல மணி நேரம் வேகவைப்பார்கள். வெளியே எடுத்தால் பஞ்சுபோல் மெத்தென்ற தோல், இழுத்த பக்கம் இழுபடும். அதனால்தான் அந்தப் பொம்மைகள் முகம் சுளித்தன, பல்லை இளித்தன. 1980களில் உலகிலேயே அதிகமாக ரப்பர் எடுத்த நாடு நம்முடையது. எந்தப் பொம்மைக்கு எந்த மரத்துப் பால் போயிற்று என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஆனால் அந்தப் பாலை மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலிருந்து விரலால் வழித்து வாளியில் சேர்த்த கை உங்கள் வீட்டில் இருக்கிறது. பிள்ளைகள் அந்தக் கையைப் பிடித்துப் பார்க்கட்டும். கத்தி பிடித்த காய்ப்பு இன்னும் உள்ளங்கையில் இருக்கும். பள்ளி விடுமுறையில் நீங்கள் மங்கு துடைக்கப் போன கதையையும் அப்போது சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் கயிறு தெரிகிறதே என்பதற்கு மட்டும் வாதாடிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு என்ன விளங்கும்?

உங்கள் மனைவிக்கு என் பதில் சுருக்கமானது: கேசட்டுகளைப் பழைய சாமான்காரரிடம் போடக் கூடாது. பொந்தியானாக்குக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள். ஆனால் அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் கேசட்டுக்குள் வெள்ளையாகப் பூஞ்சை படரும். அப்படிப் பூத்த கேசட்டை வீடியோ பெட்டிக்குள் போடவே போடாதீர்கள். பெட்டியின் தலைப்பகுதி கெடும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். நல்லவற்றை நிமிர்த்தி, ஈரமில்லாத அலமாரியில் அடுக்குங்கள். பெட்டி பழுதானால் புதிது கிடைக்காது. கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. அதனால் முக்கியமானவற்றைக் கணினியில் ஏற்றிவிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வேலை தெரிந்திருக்கும், கேளுங்கள். முதலில் ஏற்ற வேண்டியது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வருகிற சனிக்கிழமை இரவு, எட்டரை மணிக்கு. பன்னிரண்டு மணிக்கு அல்ல. ஹெட்போனை எடுத்து உள்ளே வையுங்கள். வீட்டிலேயே நல்ல நாற்காலி எதுவோ அதை நடுக்கூடத்தில், தொலைக்காட்சிக்கு நேராகப் போட்டு, அம்மாவை உட்காரவையுங்கள். அவர் எழுந்து கதவுப் பக்கம் போகப் பார்ப்பார், பழக்கம் விடாது. கையைப் பிடித்து உட்காரவையுங்கள். தேநீர் நீங்கள் கலக்குங்கள். சத்தத்தை அம்மாவின் காதுக்கு ஏற்ப வையுங்கள், பக்கத்து வீட்டில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மனைவியையும் பிள்ளைகளையும் வற்புறுத்திக் கூப்பிட வேண்டாம். அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் அன்று படம் அம்மாவுக்காக. வந்து சிரித்தார்கள் என்றால் நீங்களும் சேர்ந்து சிரியுங்கள்.

ஒன்பதரை மணிக்கு அவர் ஒருவேளை எழுவார். விளக்கு எரிகிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். அந்தப் படத்தின் கடைசியில் அந்த விவசாயக் குடும்பத்தின் வீடு வெடித்துச் சிதறும். பிறகு அந்த வீட்டுச் சிறுவன் கையிலிருக்கும் கருவியில் பொத்தானை அழுத்துவான். சிதறிய வீடு தானாகச் சேர்ந்து, பழையபடி எழுந்து நிற்கும். உங்கள் அம்மா 1998இல் தன் வீடு போனதைப் பார்த்தவர். இதைப் பார்க்காமல் அன்று விளக்கு ஏற்றப் போனவர். அந்த இடம் வரும்போது அவரிடம் எதையும் விளக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.