கடுங்குளிரில் பிரான்சின் திராட்சை விவசாயிகள் புனிதருக்கு விழா எடுப்பது ஏன்?

திராட்சை விவசாயிகளின் பாதுகாவலரான புனித வின்சென்ட்டின் திருநாள் ஜனவரி 22. கொடிகள் இலையுதிர்ந்து நிற்கும், கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யும் காலம் அது. அவருடைய கழுதை ஒரு கொடியைக் கடித்துவிட, அடுத்த பருவத்தில் அதுதான் நன்றாகக் காய்த்ததாம். கவாத்து அப்படித்தான் பிறந்தது என்பார்கள். கதைதான், ஆனால் விவசாயிக்கேற்ற கதை.

பர்கண்டி பகுதியில் 1938 முதல் ஜனவரி இறுதியில், ஆண்டுக்கு ஓர் ஊரில் பெருவிழா. காகிதப் பூக்களால் தெருவெல்லாம் அலங்காரம். காலைக் குளிரில் ஒவ்வொரு ஊரின் திராட்சை விவசாயிகள் சங்கமும் தன் புனிதர் சிலையைத் தோளில் சுமந்து வரும். அப்புறம் திருப்பலி, விருந்து, ஒயின்.

ஒயினைவிட அந்தச் சங்கங்கள்தான் முக்கியம் என்பேன். உறுப்பினர் நோயில் படுத்தால், மற்றவர்கள் அவர் தோட்ட வேலையைச் செய்து கொடுப்பார்கள். அதற்காகவே உருவானவை அவை.