மூலச்சூடு என்று விட்டுவிடாதீர்கள்: குழந்தைகளின் குடல் அழற்சி, கேள்வி பதில்

நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துப் பெற்றோர் கேட்டவற்றுக்குக் குழந்தைகள் குடல்நோய் மருத்துவர் பதிலளிக்கிறார்.

மகனுக்கு 11 வயது. ஆறு மாதமாக வயிற்றுவலி, பேதி, சில நாள் இரத்தம். மூலச்சூடு என்கிறார்கள். போன தீபாவளிக்குத் தைத்த கால்சட்டை இன்னும் அளவாகவே இருக்கிறது. – விசைத்தறித் தொழிலாளி, நகரி

அந்தக் கால்சட்டைதான் எனக்கு முதல் சாட்சி. இந்த வயதில் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. வளர வேண்டும். குரோன்ஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோயில் பேதிக்கு முன்பே வளர்ச்சி நின்றுவிடுவதுண்டு. பள்ளியில் குறித்த பழைய உயரம், எடை இருந்தால் கொண்டுவாருங்கள். ஆசனவாயை மருத்துவர் பார்க்கட்டும். அங்குள்ள வெடிப்பும் சீழ்ப்புரையும் (சீழ் வடியும் துளை) பாதி நோயைச் சொல்லிவிடும். குழந்தைகளுக்கு மூலம் வருவது அபூர்வம்.

மலத்தில் கால்புரோடெக்டின் 900 என்று வந்திருக்கிறது. நோய் உறுதிதானே? – புத்தூர்

இல்லை. குடலில் அழற்சி இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. கிருமித்தொற்றிலும் ஏறும். தொற்று இல்லை என்று பார்த்தபின், மயக்கம் கொடுத்து வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் எண்டோஸ்கோபி செய்ய வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை போய், நோயில்லாததுபோல் தெரியும் இடங்களிலும் சதைத்துணுக்கு எடுக்க வேண்டும். நடுவிலுள்ள சிறுகுடலுக்கு எம்.ஆர்.ஐ.

ஒருவர் காசநோய் என்கிறார், மற்றவர் குரோன்ஸ் என்கிறார். யாரை நம்புவது? – பேத்திக்காகத் தாத்தா, சத்தியவேடு

ஐயா, இருவரும் தடுமாறுவதில் வியப்பில்லை. இரண்டு நோயும் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தைத்தான் அதிகம் தாக்கும். இரண்டிலும் சதைத்துணுக்கில் கிரானுலோமா (அழற்சி அணுக்கள் திரண்ட சிறு முடிச்சு) தெரியலாம். அதன் நடுவே தயிர்க்கட்டிபோல் சிதைந்திருந்தால், வயிற்றில் நீர் கோத்திருந்தால், நுரையீரலிலும் தடயம் இருந்தால் காசநோய்ப் பக்கம் சாய்வேன். நீளவாட்டுப் புண்ணும் ஆசனவாய்ச் சீழ்ப்புரையும் குரோன்ஸைக் காட்டும். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனையில் கிருமி தென்படாததால் மட்டும் காசநோய் இல்லை என்று ஆகாது.

குரோன்ஸ் என்று அவசரப்பட்டு ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் பரவிவிடும். அதனால் முடிவுக்கு வர முடியாதபோது காசநோய் மருந்தைத் தொடங்கி, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி எண்டோஸ்கோபி செய்து புண் ஆறியதா என்று பார்க்கிறோம். காய்ச்சல் விட்டது, பசி எடுக்கிறது என்று நின்றுவிடக் கூடாது. உண்மையில் குரோன்ஸ் இருந்த ஒரு சிறுமிக்கு அப்படி மறுபடி பார்க்காமலே ஒன்பது மாதம் மருந்து ஓடியது. என்னிடம் வந்தபோது தங்கை அவளைவிட உயரமாக நின்றாள். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

அறிக்கையில் 'ஏ1ஏ, எல்3, பி1, ஜி1' என்று இருக்கிறது. – சித்தூர்

குழந்தைகளின் குரோன்ஸ் நோயைப் பிரித்துச் சொல்லும் பாரிஸ் வகைப்பாடு அது. பத்து வயதுக்குள் கண்டறியப்பட்டது, சிறுகுடல் முனையிலும் பெருங்குடலிலும் நோய், சுருக்கமோ துளையோ இல்லை, வளர்ச்சி குறைந்திருக்கிறது. பெரியவர்களுக்கான 2005 மான்ட்ரியல் வகைப்பாட்டில் வளர்ச்சிக்கு இடமே இல்லை. குழந்தைக்கு அது போதாது என்றுதான் இதை வகுத்தார்கள். 'பி' பின்னாளில் மாறலாம், ஆண்டுதோறும் கேளுங்கள்.

மூன்று மாதத்திலிருந்தே இரத்தபேதி. இப்போது 14 மாதம். நான் மாமனைக் கட்டியவள். – பலமனேர்

உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள், அம்மா. பால்புரத ஒவ்வாமை இல்லை என்று தெரிந்தபின், இரண்டு வயதுக்குள் வரும் குடல் அழற்சியில் ஒற்றை மரபணுக் கோளாறைத் தேடியாக வேண்டும். சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு அதிகம். நோய் எதிர்ப்பாற்றல் சோதனையும் மரபணுச் சோதனையும் கேட்டுச் செய்யுங்கள். அழற்சியை அடக்கும் ஐ.எல்.-10 என்ற புரதத்தின் ஏற்பியில் கோளாறு என்று வந்தால் வழக்கமான மருந்துகள் பெரும்பாலும் பலிக்காது. எலும்புமஜ்ஜை மாற்றினால் குணமாக வழி உண்டு. அடுத்த குழந்தைக்கு முன்பே மரபணு ஆலோசனைக்குப் போங்கள்.