சொற்பொருள் தேர்வில் 90, வாசிப்பில் 40 ஏன்?
ஆங்கிலம் கற்கும் மாணவர் சொற்பொருள் தேர்வில் 90 வாங்கிவிட்டு, பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ளும் தேர்வில் 40 மட்டும் வாங்கினால், அவரின் வாசிப்பைச் சந்தேகிக்கும் முன் நீங்கள் வைத்த சொற்பொருள் தேர்வைச் சந்தேகியுங்கள். நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் தேர்வில், குருட்டாம்போக்கில் குறித்தாலே சராசரியாக 25 சதவீதம் வந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் மட்டும் தெரிந்திருப்பது. 'அட்ரஸ்' என்றால் முகவரி என்று சரியாகக் குறித்தவர், பத்தியில் அரசு ஒரு பிரச்சினையை 'அட்ரஸ்' செய்தது (அதாவது, தீர்க்க முனைந்தது) என்று வந்தால் முழிப்பார்.

பத்தியில் 100 சொற்களை எடுத்துத் தெரியாதவற்றை அடிக்கோடிடச் சொல்லுங்கள். அப்புறம், கோடிடாதவற்றில் ஐந்தாறுக்கு அந்த இடத்தில் என்ன பொருள் என்று தாய்மொழியில் கேளுங்கள். (இங்கேதான் குட்டு வெளிப்படும்.) மொத்தத்தில் ஐந்துக்கு மேல் தெரியவில்லையென்றால், துணை இருந்தாலும் பத்தியே அவருக்குக் கடினம். துணையின்றிப் படிக்கவோ 98 சதவீதம், அதாவது நூற்றில் இரண்டைத் தவிர எல்லாம், தெரிய வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு.

எல்லாச் சொல்லும் தெரிந்தும் தடுமாறினால் இது பொருந்தாது. அப்போது நீண்ட வாக்கியங்களில் எழுவாய் எது என்று கேட்டுப் பாருங்கள்.