இயற்கையைப் பார்த்தாலே படைச்சவர் ஒருத்தர் இருக்கார்னு தெரியும்னு கிறிஸ்தவங்க சொல்றாங்களே, அதெல்லாம் ஒரு ஆதாரமா?

நானும் கிறிஸ்தவன்தான், சண்டே ஸ்கூல்ல இருந்தே இதைக் கேட்டு வளர்ந்தவன், அதனால சுத்தி வளைக்காம சொல்லிடறேன். நம்பாத ஒருத்தரை வாதத்துல மடக்கறதுக்கு இது உதவாது. ஆனா அதுக்காக வெத்துப் பேச்சுன்னு தள்ளவும் முடியாது.

எங்க ஆளுங்க உடனே எடுக்கறது பைபிள்ல ரெண்டு வசனம். சங்கீதம் 19, வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துதுன்னு. அப்புறம் ரோமர் 1:20, கண்ணுக்குத் தெரியாத அவரோட வல்லமை படைப்பு மூலமா தெளிவா தெரியுது, யாரும் போக்குச் சொல்ல இடமில்லைன்னு ஆதி சபையோட போதகர் பவுல் எழுதறது. இதை வச்சு "பாத்தியா, ப்ரூஃப் இருக்கு"ம்பாங்க. அடுத்த வசனத்தையும் படிங்கப்பா! தேவனை அறிஞ்சும் அவங்க அவரை மகிமைப்படுத்தல, நன்றியும் சொல்லலன்னு போகும் அது. பவுலோட கம்ப்ளைன்ட் ஆதாரம் பத்தலங்கறது இல்ல, நன்றி இல்லங்கறதுதான்.

இதை முறையான வாதமா எழுதி பெரிய அளவுல பிரபலமாக்கினது வில்லியம் பேலின்னு ஒரு இங்கிலாந்து பாதிரியார், 1802ல. கீழ கிடக்கற கடிகாரத்தைப் பார்த்தா செஞ்சவன் ஒருத்தன் இருக்கணும்னு தோணும்ல, அப்போ கண்ணு மாதிரி ஒரு உறுப்பைப் பார்த்தா தோண வேண்டாமான்னு கேட்டார். இதுல வேடிக்கை என்னன்னா டார்வின் கேம்பிரிட்ஜ்ல படிக்கும்போது பேலியை ரொம்ப ரசிச்சுப் படிச்சவர், அவரேதான் 1859ல இயற்கைத் தேர்வுங்கற (பிழைக்க உதவற சின்னச் சின்ன மாற்றங்கள் தலைமுறை தலைமுறையா தங்கிச் சேர்றது) விளக்கத்தைக் கொடுத்து, செஞ்சவன் ஒருத்தன் தனியா உக்காந்து செய்யாமலே கண்ணு மாதிரி ஒண்ணு படிப்படியா வரலாம்னு காட்டிட்டார். அடுத்த வருஷம் ஏசா கிரேங்கற தாவரவியலாளருக்கு எழுதின கடிதத்துல, கம்பளிப்புழுவோட உடம்புக்குள்ளயே இருந்து அதை உயிரோட தின்னு வளர்ற குளவியை நல்ல கடவுள் வேணும்னே திட்டம் போட்டு படைச்சிருப்பார்னு என்னால நம்ப முடியலன்னும் சொல்றார். அந்த கிரே யாருன்னா பக்தியான கிறிஸ்தவர், டார்வின் கொள்கையை அமெரிக்காவுல முன்ன நின்னு ஆதரிச்சவரும் அவரேதான். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்க முடியும்.

குளவி கேள்விக்கு சர்ச்ல பல பேர் பதில் சொல்லாம பூவையும் பட்டாம்பூச்சியையும் சூரியோதயத்தையும் மட்டும் காட்டுவாங்க. எனக்கு அது எரிச்சல். பூவுக்கு ஒரு கணக்கு, கேன்சர் செல்லுக்கு வேற கணக்கா?

சயின்ஸுக்கு இன்னும் தெரியாத இடமா பார்த்து கடவுளைக் கொண்டு போய் வைக்கறதும் எனக்கு ஒத்து வராது, நாளைக்கு விடை கிடைச்சா அவரை அங்க இருந்து கிளப்பணும். பெருவெடிப்புக் கொள்கைக்கு அடித்தளம் போட்ட ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்க குருவானவர். 1951ல போப் 12ம் பயஸ் இந்த மாதிரி கண்டுபிடிப்பெல்லாம் படைப்பை உறுதி பண்ணுதுங்கற தோரணையில பேசினப்போ, சந்தோஷப்பட வேண்டிய லெமைத்ருக்கே அது பிடிக்கல. இது இயற்பியல், கடவுள் உண்டா இல்லையாங்கறது இதுக்கு வெளிய உள்ள கேள்விங்கறதுதான் அவரோட நிலைப்பாடு. என் பார்வையும் ஏறக்குறைய அதுதான். இங்கிலாந்து கத்தோலிக்க இறையியலாளர் கார்டினல் நியூமன் 1870ல ஒரு கடிதத்துல இதையே வேற பக்கத்துல இருந்து சொன்னார்: வடிவமைப்பைப் பார்த்து நான் கடவுளை நம்பல, கடவுளை நம்பறதால வடிவமைப்பை நம்பறேன்னு.

ஆனா எல்லா சபையும் இப்படிச் சொல்லாது. அதே 1870ல முதலாம் வத்திக்கான் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களோட பொதுக்கூட்டம்), படைப்பை வச்சு மனுஷ அறிவாலேயே கடவுளை நிச்சயமா அறிய முடியும்னு அறிவிச்சது. இன்னொரு பக்கம் புராட்டஸ்டன்ட் இறையியலாளர் கார்ல் பார்த், 1934ல இந்த மாதிரி இயற்கை வழி இறையியலுக்கு "இல்லை!"ன்னே தலைப்பு வச்சு மறுப்பு எழுதினார். எங்களுக்குள்ளயே அவ்வளவு தூரம் இருக்கு.

நீங்க நிஜமாவே படிச்சுப் பார்க்கணும்னா பைபிள்ல யோபு புத்தகம் 38ல இருந்து 41ம் அதிகாரம் வரை படிங்க. எல்லாத்தையும் இழந்த ஒருத்தன் ஏன்னு கேக்கறான், தேவன் காரணம் சொல்லல, தான் இருக்கறதை நிரூபிக்கவும் இல்ல, வரையாடு, காட்டுக்கழுதை, கழுகுன்னு காட்டிட்டே போறார். முட்டையை மண்ணுல விட்டுட்டுப் போற தீக்குருவிக்கு (நெருப்புக்கோழி) புத்தி கொடுக்கலன்னு அங்க வெளிப்படையாவே இருக்கு, கழுகுக் குஞ்சு ரத்தம் உறிஞ்சறதும் இருக்கு. சர்ச் காலண்டர்ல அச்சடிக்க மாட்டாங்க அந்த வசனத்தை. ஆனா டார்வின் கேட்ட குளவிக்குக் கிட்டத்துல வர்றது பைபிள்ல அந்தப் பகுதிதான்னு நினைக்கிறேன்.