பிளேனர் பிளேடு பொருத்துவதில் வரும் சிக்கல்கள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

மரப் பலகையின் முகத்தை இழைத்துச் சமமாக்கும் சர்ஃபேஸ் பிளேனர் மெஷினில் மூன்று பிளேடுகளையும் தீட்டி மாட்டினோம். பலகை முழுக்க நன்றாகவே இழைகிறது. கடைசி 5 செ.மீ. மட்டும் குழிந்துவிடுகிறது. பிளேடுகளைத் திரும்பக் கழற்ற வேண்டுமா?

உடனே கழற்றிவிடாதீர்கள். மரம் வெளியேறும் பின்மேசை, பிளேடு முனையைவிடத் தாழ்ந்திருக்கிறது. பலகையின் வால், மரம் உள்ளே போகும் முன்மேசையை விட்டு விலகியதும் அது பின்மேசைமேல் இறங்கி உட்கார்கிறது. இறங்கிய அளவுக்குப் பிளேடு கூடுதலாக வெட்டுகிறது. மேசை தேவைக்குமேல் உயர்ந்திருந்தாலும் தொல்லைதான்: பலகையின் தலை மேசை விளிம்பில் முட்டும். உயர்வு மிகச் சிறிதாக இருந்தால் முட்டாமல் ஏறிவிடும், ஆனால் வெட்டு போகப் போகக் குறைந்து பலகை ஒரு பக்கம் சரிவாக வரும்.

மூன்று பிளேடுகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றன என்று உறுதியானால் பின்மேசையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். ஒரு பலகையை 10 செ.மீ. மட்டும் இழைத்து மெஷினை நிறுத்துங்கள். கட்டர் பிளாக் (பிளேடுகள் மாட்டியிருக்கும் சுழலும் உருளை) முழுதாக நின்ற பிறகு குனிந்து பாருங்கள். இழைத்த பகுதி பின்மேசைமேல் படிந்து உட்கார வேண்டும். 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இடையில் நுழைந்தால் மேசை இன்னும் தாழ்வு. சில சிறிய மெஷின்களில் பின்மேசை நகராது. அவற்றில் மட்டுமே பிளேடுகளை இறக்கிச் சரிசெய்ய வேண்டிவரும்.

எங்களிடம் டயல் கேஜ் (நுண்ணிய உயர வித்தியாசத்தை முள்ளால் காட்டும் கருவி) இல்லை. ஒரு நேரான கட்டையை வைத்துப் பிளேடு உயரம் பார்க்கும் பழைய முறை போதுமா? எவ்வளவு துல்லியம் கிடைக்கும்?

தாராளமாகப் போதும். பலர் நினைப்பதைவிட மிகத் துல்லியமான முறை அது. முதலில் மின்சாரத் தொடர்பைப் பிளக்கோடு பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம். 30 செ.மீ. நீளத்தில், அடிப்பக்கம் நேராக இழைத்த ஒரு கெட்டி மரக் கட்டையை எடுங்கள். இரும்பு ஸ்கேல் பிளேடு முனையைக் கெடுக்கும். கட்டையைப் பின்மேசைமேல் படுக்கவைத்து, முனை கட்டர் பிளாக்கைத் தாண்டி நீளும்படி விடுங்கள். மேசை விளிம்பு கட்டையைத் தொடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. இனி பெல்ட்டையோ புல்லியையோ பிடித்து பிளாக்கை ஓடும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். பிளேடு கட்டையைத் தொட்டுத் தூக்கி முன்மேசைப் பக்கம் இழுத்துச் சென்று விட்டுவிடும். மேசை விளிம்பில் இரண்டாவது கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள தூரம்தான் உங்கள் அளவு.

இதன் பலம் எங்கே இருக்கிறது என்றால், பிளேடு போவது வட்டப் பாதையில். முனை மேசையைவிட மயிரிழை உயர்ந்திருந்தாலும் கட்டையைத் தொட்டுக்கொண்டே அது நெடுந்தூரம் போகிறது. பிளேடு முனை சுற்றும் வட்டத்தின் விட்டம் 75 மி.மீ. என்று வையுங்கள். பிளேடு 0.03 மி.மீ. உயர்ந்திருந்தால் கட்டை 3 மி.மீ. நகரும். 0.06 என்றால் 4.2 மி.மீ. 0.1 என்றால் 5.5 மி.மீ. 3 மி.மீ.யை ஒட்டிய நகர்வில், கோட்டில் தெரியும் அரை மி.மீ. வித்தியாசம் உயரத்தில் வெறும் 0.01 மி.மீ. கண்ணால் பார்க்க முடியாத அளவை ஒரு பென்சில் கோடு காட்டிக்கொடுக்கிறது.

ஒவ்வொரு பிளேடையும் இடது முனை, வலது முனை, நடு என மூன்று இடத்தில் பாருங்கள். எல்லா இடத்திலும் நகர்வு ஒன்றுபோல, 3 மி.மீ.யை ஒட்டி இருக்க வேண்டும். முனைகள் இரண்டும் சரியாக இருந்து நடு மட்டும் கூடினால் பிளேடு வளைந்திருக்கிறது; அடியில் தூள் சிக்கியிருக்கலாம், அல்லது போல்ட்டை இறுக்கிய வரிசை தவறு. எல்லாம் ஒத்துவந்த பிறகு பின்மேசையை மிக மிகச் சிறிதாக உயர்த்தி, கட்டை நகர்ந்தும் நகராமலும் இருக்கும் நிலையில் பூட்டுங்கள். அதோடு முதல் கேள்வியில் சொன்ன 10 செ.மீ. சோதனையையும் செய்துவிடுங்கள்.

உயரம் சரியாக வைக்கிறோம். போல்ட்டை இறுக்கியதும் பிளேடு மேலேறிவிடுகிறது. ஏன்?

இந்த வேலையில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பிளேடைப் பிடித்திருப்பது கிப் என்னும் ஆப்புப் பட்டை. போல்ட்டை இறுக்கும்போது அது பிளேடைப் பக்கவாட்டில் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் கிப் சற்று ஏறினால் பிளேடையும் கூடவே இழுத்துக்கொண்டு ஏறும்.

முதலில் சுத்தம். பிளேடு, கிப் இரண்டையும் கழற்றி, அவை உட்காரும் பள்ளத்தில் ஒட்டியிருக்கும் மரப் பிசினை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். கிப்பின் விளிம்பில் பிசிறு தூக்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிசிறை மட்டும் எண்ணெய்க் கல்லில் மெல்லத் தேய்த்து எடுக்கலாம். கிப்பின் முகத்தை அரத்தால் ராவவே கூடாது. முகம் கெட்டால் பிளேடு முழு நீளத்துக்கும் பிடி கிடைக்காது.

அடுத்தது இறுக்கும் முறை. எல்லாப் போல்ட்டுகளையும் லேசாகப் பிடிக்கும்வரை திருகுங்கள். மரத்துண்டால் தட்டினால் பிளேடு அசைய வேண்டும். இந்த நிலையில் உயரத்தைச் சரிசெய்யுங்கள். அடியில் ஸ்க்ரூ உள்ள மெஷினில் அந்த ஸ்க்ரூவால், ஸ்பிரிங் உள்ளதில் மரத்துண்டால் அமுக்கியபடி. பிறகு நடுப் போல்ட்டில் தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி வெளியே போய்ப் பாதி இறுக்கம் கொடுங்கள். மூன்று பிளேடுகளையும் இப்படிப் பாதி இறுக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகே முழு இறுக்கம். ஒரு பிளேடை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பக்கத்துப் பள்ளத்தின் பிடி சற்று மாறக்கூடும்.

இவ்வளவு செய்தும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு, உதாரணமாக 0.04 மி.மீ., ஏறுகிறது என்றால் அந்த அளவு தாழ்த்தி வைத்து இறுக்கலாம். முழுதாக இறுக்கிய பிறகு எடுத்த அளவுதான் அளவு. இறுக்குமுன் எடுத்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இழைத்த பலகையில் விளக்கு வெளிச்சத்தில் 2 மி.மீ. இடைவெளியில் அலைக்கோடுகள் தெரிகின்றன. மூன்று பிளேடு இருந்தும் இப்படி வரலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 5,000 சுற்று, மரம் நிமிடத்துக்கு 10 மீட்டர் நகர்கிறது என்றால், ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. மூன்று பிளேடுகளும் சமமாக வெட்டினால் கோடுகள் 0.67 மி.மீ.க்கு ஒன்றாக விழ வேண்டும். 2 மி.மீ. வருகிறது என்றால் பரப்பை முடித்துவைப்பது ஒரே பிளேடு. மற்ற இரண்டும் மரத்தை எடுக்கத்தான் செய்கின்றன, ஆனால் அவற்றின் தடத்தை உயர்ந்த பிளேடு அழித்துவிடுகிறது. இந்த அலையின் ஆழமே 0.01 மி.மீ.யைச் சற்றுத் தாண்டும் அளவுதான். அதனால் பிளேடுகளுக்குள் 0.02 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே இப்படி நடக்கும். கையால் பொருத்தும் மெஷினில் இதை முற்றிலும் போக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். கடைசி ஓட்டத்தில் மரத்தைப் பாதி வேகத்தில் தள்ளுங்கள். இடைவெளி பாதியாகும், ஆழம் கால்பங்காகும்.

அலைக்குப் பதிலாகப் பலகையின் நீளவாக்கில் மெல்லிய மேடு ஓடினால் அது பிளேடு முனை உடைந்ததன் அடையாளம். பள்ளத்தில் இடம் இருந்தால் ஒரு பிளேடை மட்டும் பக்கவாட்டில் 1 மி.மீ. நகர்த்துங்கள். உடைந்த இடங்கள் ஒரே வரிசையில் வராமல் போவதால் மேடு மறையும்.

திக்னஸரில் (பலகையை ஒரே தடிமனுக்கு இழைக்கும் மெஷினில்) பலகையின் ஒரு பக்கம் 0.3 மி.மீ. தடிமனாக வருகிறது. பிளேடைச் சாய்த்து வைக்கலாமா?

கூடாது. ஒரே தடிமனுள்ள இரண்டு ரீப்பர்களை இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் ஒன்று என ஒரே நேரத்தில் விட்டு வெர்னியரால் அளந்து பாருங்கள். வித்தியாசம் உறுதியானால் பிளேடு கட்டர் பிளாக்கின் உடலைவிட எவ்வளவு நீட்டியிருக்கிறது என்பதை இரு முனையிலும் கேஜ் வைத்துப் பாருங்கள். கேஜின் கால்கள் கட்டர் பிளாக்கின்மேல் முழுதாகப் படிய வேண்டும். நீட்டம் சமமாக இருந்தால் குற்றம் மேசையில். மேசையைத்தான் இணையாக்க வேண்டும்.

நீட்டத்தை மெஷின் கையேடு சொல்லும் அளவிலேயே வையுங்கள். மரத்தை இழுக்கும் உருளைகளும் அழுத்தும் பட்டையும் பிளேடு முனை சுற்றும் வட்டத்தைக் கணக்கிட்டே பொருத்தப்பட்டவை. பிளேடு கூடுதலாக நீட்டினால் மரம் இழுபடாமல் நிற்கும், அல்லது முனைகள் குழியும்.

மூன்றில் ஒரு பிளேடு மட்டும் உடைந்தது. அதை மட்டும் மாற்றலாமா?

மூன்றையும் செட்டாகவே மாற்றுங்கள், செட்டாகவே தீட்டக் கொடுங்கள். தேய்ந்த பிளேடு அகலமும் எடையும் குறைந்தது. அதோடு புதியதைச் சேர்த்தால் பிளாக் சமநிலை இழந்து அதிரும், பேரிங் சீக்கிரம் போகும். தீட்டி வந்ததும் அகலத்தை வெர்னியரிலும் எடையைத் தராசிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச அகலத்துக்குக் கீழே போன பிளேடைக் கிப் சரியாகப் பிடிக்காது. ஓட்டத்தில் பறந்துவிடும் அபாயம் உண்டு, தூக்கி எறியுங்கள்.

பொருத்தி முடித்ததும் எல்லாப் போல்ட்டையும் இரண்டாவது முறை தொட்டுப் பாருங்கள். பிளாக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி எங்கும் உரசவில்லை என்று பார்த்துக் காப்புமூடியைப் போடுங்கள். பக்கவாட்டில் நின்று அரை நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, போல்ட்டுகளை இன்னொரு முறை பாருங்கள்.

கையில் பிடிக்கும் மின் பிளேனருக்கும் இதே முறையா?

அடிப்படை ஒன்றே. அதில் பின்தகடு அசையாது. பிளேடு முனை பின்தகட்டோடு சமமாக நிற்க வேண்டும். பிளேனரைக் கவிழ்த்து, பின்தகட்டின்மேல் நேர்க்கட்டையை வைத்து உருளையைக் கையால் சுற்றினால் முனை கட்டையை உரசிச் செல்ல வேண்டும், தூக்கக் கூடாது. வெட்டும் ஆழத்தை முன்தகடு பார்த்துக்கொள்ளும்.