கவுன்சில் வாசலில் திருப்பி அனுப்பினால்: வீடிழந்தோருக்கான கேள்வி பதில்

இங்கிலாந்தில் ஓர் ஆலோசனை மையத்தில் 16 ஆண்டுகள் வீடிழந்தவர்களின் கடிதங்களை வாசித்தவள் நான். நீங்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு, ஒவ்வொன்றின் கீழும் பதில் தருகிறேன். கவுன்சில் என்பது உங்கள் ஊரின் உள்ளூராட்சி மன்றம். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துச் சட்டம்.

அக்கா, வீட்டுக்காரரின் நோட்டீஸ் இன்னும் 5 வாரத்தில் முடிகிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள். கவுன்சிலுக்குப் போனால், "பெய்லிஃப் (வீட்டைக் காலி செய்விக்க நீதிமன்றம் அனுப்பும் அதிகாரி) வருகிற அன்று வாருங்கள்" என்று வரவேற்பு மேசையிலேயே அனுப்பிவிட்டார்கள்.

எழுத்தில் ஏதாவது தந்தார்களா? தந்திருக்க மாட்டார்கள். இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப நான் சொல்லப்போவது இதைத்தான்: வாயால் சொன்ன மறுப்பை எதிர்த்துப் போராடுவது மிகவும் கடினம். எழுத்தில் வாங்குங்கள்.

56 நாளுக்குள் வீடு போய்விடும் நிலை என்றால், அதைத் தடுக்க உதவுவது கவுன்சிலின் கடமை. 2017இல் நிறைவேறி 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. உங்கள் நிலைமையை மதிப்பிட்டு, அவர்கள் என்ன செய்வார்கள், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்ற திட்டத்தை எழுதிக் கையில் தர வேண்டும். விண்ணப்பத்துக்கு இன்ன படிவம்தான் என்றும் கிடையாது. ஒரு மின்னஞ்சல் போதும். "நாங்கள் வீடிழக்கும் நிலையில் இருக்கிறோம், இதை 1996 வீடமைப்புச் சட்டத்தின் 7ஆம் பாகத்தின் கீழான விண்ணப்பமாக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று இன்றிரவே அனுப்புங்கள். மேசையில் பேசியவரின் பெயர், தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

பெய்லிஃப் கதை பற்றியும் சொல்கிறேன். வீட்டை மீட்கும் உத்தரவை நிறைவேற்ற நீதிமன்றம் வாரண்ட் பிறப்பிக்கும் வரை ஒருவரை அந்த வீட்டிலேயே இருக்க வைப்பது நியாயமல்ல என்று அரசின் வழிகாட்டி நெறியிலேயே இருக்கிறது. இழுத்தடித்தால் வழக்குச் செலவு உங்கள் தலையில்தான் விழும். அதற்காகச் சாவியைக் கொடுத்துவிட்டு நீங்களாக வெளியேறிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் "வேண்டுமென்றே வீடிழந்தவர்" என்று எழுதிவிடுவார்கள். வெளியேறும் நாளையும் கவுன்சிலோடு பேசி எழுத்தில் முடிவு செய்யுங்கள்.

நான் கிளாஸ்கோவில் இருக்கிறேன். தனியாள். முன்னுரிமைத் தேவை இல்லை என்பார்களா?

ஸ்கொட்லாந்துச் சட்டம் வேறு. முன்னுரிமைத் தேவை (பிள்ளைகள், நோய் போன்ற காரணம் உள்ளவருக்கே தங்குமிடம் என்ற நிபந்தனை) என்ற தடையை அங்கே 2012 முடிவோடு எடுத்துவிட்டார்கள். ஷெல்டர் ஸ்கொட்லாந்து அமைப்பிடம் கேளுங்கள்.

ஹோட்டல் அறை ஒன்றில் 9 வாரமாக இருக்கிறோம். பிள்ளைகளுக்கு 7 வயதும் 3 வயதும். சமைக்க வழியில்லை. "இடம் இல்லை" என்பதே பதில்.

இப்படி ஓர் அறைக்கு நான் போயிருக்கிறேன். துணி தேய்க்கும் பலகையை விரித்து அதன்மேல் ஒரு பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. கெட்டிலில் கொதித்த தண்ணீரில் நூடுல்ஸ், மூன்று வேளையும். 2025 மார்ச் 31 அன்று இங்கிலாந்தில் தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்த குடும்பங்கள் 1,31,140. இடம் இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பிள்ளைகள் உள்ள குடும்பத்தை 6 வாரத்துக்கு மேல் இத்தகைய அறையில் வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. இடம் இல்லாததால் சட்டம் மாறிவிடாது. கவுன்சிலின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு முதலில் எழுதுங்கள். தீராவிட்டால் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் (முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அமைப்பு) போங்கள். கட்டணம் இல்லை. பிரச்சினையை நீங்கள் அறிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். ஆறு வாரத்தைத் தாண்டியதற்காகக் குடும்பங்களுக்குப் பணம் கொடுக்கும்படி அவர்கள் பல கவுன்சில்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

வீடமைப்பு ஒம்புட்ஸ்மனுக்கு எழுதினேன். "எங்கள் வேலை அல்ல" என்று திருப்பிவிட்டார்கள்.

அவர்கள் வேறு. சமூக வீடுகளின் குடியிருப்பாளர்களுக்கானவர்கள். மேலே உள்ள பதிலில் சரியான பெயர் இருக்கிறது.

வாடகை பாக்கி வைத்ததால் "வேண்டுமென்றே வீடிழந்தவர்" என்று கடிதம். வந்து 18 நாள் ஆகிறது.

இன்றே மறுபரிசீலனை கேளுங்கள். கெடு 21 நாள். காரணங்களை விரிவாகப் பிறகு எழுதலாம், கோரிக்கை இன்று போக வேண்டும். 2019இல் பர்மிங்ஹாம் வழக்கொன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. நான்கு பிள்ளைகளின் தாய். வாடகை மாதம் 700 பவுண்டு, வீட்டு உதவித்தொகை சுமார் 548. மீதியை மற்ற உதவிப்பணத்திலிருந்து கட்டியிருக்கலாம் என்றது கவுன்சில். பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் உரிய பணம் அது என்பதால் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உங்கள் வரவு செலவை அப்படியே எழுதி வையுங்கள்.

இரண்டரை மணி நேரப் பயணத் தூரத்தில் வீடு தருகிறார்கள். நாளைக்குள் பதில் வேண்டுமாம். மறுத்துவிடலாமா?

வேண்டாம். ஏற்றுக்கொள்ளுங்கள், ஏற்றுக்கொண்டே மறுபரிசீலனை கேளுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது. மறுத்தால் அன்றோடு கடமை முடிந்தது என்று கவுன்சில் கைகழுவலாம். கடிதத்தில் 1996 சட்டத்தின் 193ஆம் பிரிவு (முழுக் கடமை) என்றிருக்கிறதா, 188 (விசாரணை முடியும் வரை தரும் தற்காலிக இடம்) என்றிருக்கிறதா என்று பாருங்கள். 188 என்றால் மறுபரிசீலனை கிடையாது, உடனே சொலிசிட்டரிடம் போக வேண்டும். வீடிழப்பு வழக்குக்கு, வருமானம் குறைவு என்றால், சட்ட உதவி உண்டு.

எனது மச்சான் மறுத்தார். மூன்று மாதத்தில் உள்ளூரிலேயே வீடு கிடைத்தது. நீங்கள் கவுன்சிலுக்காகப் பேசுகிறீர்கள்.

உங்கள் மச்சானுக்கு வீடு கிடைத்ததில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. மறுத்துவிட்டு, சூட்கேசுகளோடு கவுன்சில் வரவேற்பறையில் மாலை 5 மணி வரை உட்கார்ந்திருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். விளக்கை அணைத்துவிட்டுக் காவலாளி பெட்டிகளை வாசலுக்கு நகர்த்துவார். அவர்கள் கதையை எந்தக் கல்யாண வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. வென்றவர் கதைதான் ஊரெல்லாம் சுற்றுகிறது.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சிலுக்கு எதிரான வழக்கில், தூரத்து வீட்டை மறுத்த தாய்தானே வென்றார்?

வென்றார். முழுக் கதையையும் கேளுங்கள். ஐந்து பிள்ளைகளின் தாய். மில்டன் கீன்ஸ் அருகே வீடு தந்தார்கள், மறுத்தார். கவுன்சில் கடமையை முடித்துக்கொண்டது. கீழே இரண்டு நீதிமன்றங்களிலும் தோற்று, 2015 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். கூடுமானவரை சொந்த எல்லைக்குள் வீடு தர வேண்டும், முடியாவிட்டால் ஏன் என்று விளக்க வேண்டும் என்ற தீர்ப்பு நம் எல்லாருக்கும் பயன்படுகிறது. இதற்கிடையில் அந்தப் பிள்ளைகள் தாயைப் பிரிந்து வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். அந்த விலையை உங்களைக் கொடுக்கச் சொல்ல என் வாய் வராது.

அப்படியானால் எங்கே அனுப்பினாலும் மூட்டை கட்ட வேண்டுமா? என் மகள் இந்த ஆண்டு ஜிசிஎஸ்இ (16 வயதில் எழுதும் பொதுப் பரீட்சை) எழுதுகிறாள்.

உங்கள் கோபம் நியாயமானது. மகளின் பரீட்சைதான் உங்கள் கையில் உள்ள வலுவான காரணமும். படிப்பு, வேலை, முதியவரைப் பராமரிப்பது, மருத்துவம் இவை எவ்வளவு குலையும் என்று பார்க்காமல் தூரத்தில் இடம் தரக்கூடாது என்று, தங்குமிடம் பொருத்தமானதா என்பது பற்றிய 2012 அரசாணை சொல்கிறது. பாடசாலையிடம் இன்றே கடிதம் வாங்கி, மறுபரிசீலனைக் கோரிக்கையோடு வையுங்கள். ஆனால் சாவியை வாங்கிக்கொண்டு வையுங்கள்.

எனக்குத் தகுதி இல்லை என்று ஃபோனில் சொன்னார்கள்.

அதிகாரி நேரில் சொன்னது முடிவு ஆகுமா?

கடிதம் தரமாட்டோம் என்கிறார்கள், வீட்டைத் தேடு என்கிறார்கள்.

மூவருக்கும் ஒரே பதில், முதல் கேள்வியின் கீழே இருக்கிறது. தயவு செய்து வாசியுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

மாணவர் விசா. வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டார்.

அந்த விசாவில் வீடற்றோர் உதவி கிடைக்காது. ஆனால் நீதிமன்ற உத்தரவில்லாமல் பூட்டை மாற்றுவது பெரும்பாலும் குற்றம். கவுன்சிலின் தனியார் வாடகைப் பிரிவை அழையுங்கள். பிள்ளை இருந்தால் சமூக சேவைப் பிரிவுக்கும் சொல்லுங்கள், 1989 சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவு என்று.

கணவர் அடிக்கிறார். கவுன்சில் போலீஸ் அறிக்கை கேட்கிறது. போலீசுக்குப் போக எனக்குப் பயம்.

தங்கச்சி, போலீஸ் அறிக்கை கட்டாயமில்லை. அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று வழிகாட்டி நெறி சொல்கிறது. 2021 ஜூலை முதல், இந்தக் காரணத்தால் வீடிழப்பவருக்கு முன்னுரிமைத் தேவை தானாகவே உண்டு, பிள்ளைகள் இல்லாவிட்டாலும். இந்த கவுன்சில்தான் என்றில்லை, அவர் உங்களைத் தேடி வரமாட்டார் என்று நீங்கள் நம்பும் எந்த ஊரிலும் விண்ணப்பிக்கலாம். ஆபத்துள்ள ஊருக்கு உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. பாஸ்போர்ட், விசா ஆவணம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் ஃபோனில் படம் எடுத்து, அவருக்குத் தெரியாத மின்னஞ்சலுக்கு இன்றே அனுப்பி வையுங்கள். அது முடிந்ததும் எனக்குத் தனியாக எழுதுங்கள். உங்கள் விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.